பீடிக் கட்டும் பள்ளிக்கூடமும்

"படிக்காத சனங்க. அதனாலதான் பீடியும் சாராயமும்னு கெடக்குது." இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் எங்கள் செலியமேட்டுக் காலனியை விட்டுப் போன அதிகாரி கிடையாது, தொண்டு நிறுவனத்துக்காரர் கிடையாது. சொல்கிறவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. நம் தெருவிலிருந்தே படித்து டவுனில் வீடு கட்டிப் போனவர்களும் பொங்கலுக்கு வரும்போது இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். படிப்பு இல்லாதது காரணம், பீடி அதன் விளைவு. படிக்காமல் போனது உன் குற்றம், ஆகவே உன் இருமலும் உன் குற்றம். இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சாராயத்தைப் பற்றி நம் ஆட்கள் நிறைய எழுதியாயிற்று. பீடியைப் பற்றி, நான் படித்த வரையில், யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. படிப்புக்கும் புகைக்கும் என்ன உறவு என்று பொருளாதாரக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தை எங்கள் பாகூர் கொம்யூனின் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் படிப்பு. எங்கள் பகுதியில் கல்விக்குக் கிடைக்கிற பழைய எழுத்துச் சான்று ஒரு செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது வேத சாஸ்திரம் படிக்கிற கல்லூரிக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை வித்யாபோகமாகக் கொடுத்ததை அது சொல்கிறது. சமஸ்கிருதத்திலும் தமிழிலும் எழுதப்பட்டது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இருந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இருந்தது, வாஸ்தவம். மூன்று ஊரின் வருமானத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அந்த மூன்று ஊரிலும் சேற்றில் குனிந்து நின்றவன் யார்? செப்பேட்டில் எல்லை இருக்கிறது, தானம் இருக்கிறது, புகழ்மாலை இருக்கிறது. அவன் இல்லை. கல்விக்கான செலவை எங்கள் பாட்டன்மார் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், ரசீதுதான் வேறு பேரில் இருக்கிறது என்று நான் கூட்டங்களில் சொல்வதுண்டு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்தச் செப்பேட்டிலிருந்து 1961க்கு வாருங்கள். அந்த வருஷக் குடிக்கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் தாழ்த்தப்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 10.27 சதவீதம். 1981இல் 21.38. 1991இல் 37.41. என் அப்பா அந்த 1961 கணக்கில் எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனார். பிறகு மாடு மேய்க்க இழுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவார், பேப்பர் படிக்க மாட்டார்.

இனி புகையிலை. அது நம் மண்ணின் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனி வெற்றிலைக்கும் புகையிலைக்கும் விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தது. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் அந்தக் குத்தகைப் பேச்சு வருகிறது. சென்னைப்பட்டணத்தில் இங்கிலீஷ்காரனும் அதைத்தான் செய்தான். அரசு என்று ஒன்று புகையிலையை முதன்முதலில் பார்த்த கண் வருமானக் கண். அந்தக் கண் இன்னும் மாறவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சேரிக்குள் அது எப்படி வந்தது என்பதற்குச் செப்பேடும் கிடையாது, நாட்குறிப்பும் கிடையாது. எங்க ஆயா சொன்னதுதான் என்னிடம் இருக்கிறது. "நடவு நாள்னா காலையில கூழு. மத்தியானம் வெத்தல, பாக்கு, ஒரு கிள்ளு பொகையில. சாயந்தரம் நெல்லு. ஆம்பளைங்களுக்கு ஆளுக்கு ஒரு சுருட்டோ பீடியோ பண்ணையிலேயே குடுத்துருவாங்க. அதெல்லாம் கூலியில சேத்தின்னு நெனைக்காத, கூலியில கொறச்சுப்பாங்க." இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். புகையிலை கூலியின் ஒரு பகுதி. பணமாகக் கொடுத்தால் அவன் என்ன வாங்குவான் என்பது அவன் இஷ்டம். பொகையிலையாகக் கொடுத்துவிட்டால் அந்த இஷ்டமும் பண்ணைக்காரர் கையில். கெட்ட பழக்கம் என்று இன்றைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் படி என்று பேர்.

இன்னொன்றும் ஆயா சொல்லும். வேலை நேரத்தில் ஒரு ஆள் சும்மா நிமிர்ந்து நின்றால் வரப்பிலிருந்து ஏச்சு வரும். பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றால் ஏச்சு வராது. பெண்கள் வெற்றிலைப் பையை அவிழ்த்தால் வராது. அப்பாவிடம் நான் கல்லூரி சேர்ந்த புதிதில் பீடியை விடச் சொல்லி மல்லுக்கு நின்றபோது அவர் சொன்ன பதில் இது: "பீடி பத்த வெச்சாதாண்டா நிமுர முடியும்." நான் அதை அப்போது சாக்கு என்று நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஒரு பீடி எரிகிற நேரம்தான் பண்ணை ஒத்துக்கொண்ட ஒரே ஓய்வு. பசியையும் அது கொஞ்ச நேரம் மரக்கடிக்கும். நிகோடினுக்கு அந்தக் குணம் உண்டு என்பதை வைத்தியமும் ஒத்துக்கொள்கிறது. 1936 ஜூலை 30இல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்தப் பெருமை புதுச்சேரிக்கு உண்டு. அந்தச் சட்டம் ஆலைக் கதவோடு நின்றுவிட்டது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நேரம் என்றால் சூரியன், அதற்கு மேல் பண்ணைக்காரர்.

இப்போது பொருளாதாரக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். 1972இல் மைக்கேல் கிராஸ்மன் என்கிற அமெரிக்கர் ஒரு கோட்பாடு வைத்தார். உடல்நலம் என்பது ஒரு மூலதனம். பிறக்கும்போது கொஞ்சம் கையில் இருக்கும், வயசாக ஆகத் தேயும், மனிதன் அதில் திரும்பத் திரும்ப முதலீடு செய்கிறான். படித்தவன் அந்த முதலீட்டைத் திறமையாகச் செய்கிறான், ஒரே காசில் அதிக நலத்தை உண்டாக்கிக்கொள்கிறான் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. உடம்பு மூலதனம் என்றால் எங்கள் அப்பாவின் மூலதனம் யாருக்கு வட்டி கட்டியது என்று நான் கேட்பேன். ஆனாலும் இந்தக் கோட்பாட்டில் ஒரு மரியாதை இருக்கிறது: படிப்பைக் கொடுத்தால் எவனும் செய்வான் என்பது அதன் உள்ளர்த்தம்.

பத்து வருஷம் கழித்து விக்டர் ஃபுக்ஸ் வேறு மாதிரி சொன்னார். படிப்பு காரணம் இல்லை; நாளையை நினைக்கிறவன் படிக்கவும் செய்கிறான், சிகரெட்டையும் தொடாமல் இருக்கிறான்; இன்றைய சுகத்தை விட முடியாதவன் படிப்பையும் விடுகிறான், புகையையும் பிடிக்கிறான்; இரண்டுக்கும் வேர் அந்தக் குணம்தான் என்று. 1982இல் அவரும் ஃபிலிப் ஃபாரெல் என்பவரும் கலிபோர்னியாவில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். நிறையப் படித்தவர்கள் 24 வயதில் குறைவாகப் புகைக்கிறார்கள், சரி. அதே ஆட்கள் 17 வயதில் எப்படி இருந்தார்கள்? அந்த வயதில் எல்லோரும் ஒரே வகுப்பில்தான் இருந்திருப்பார்கள், கூடுதல் படிப்பு இன்னும் யாருக்கும் வரவில்லை. பார்த்தால் வித்தியாசம் அப்போதே இருந்திருக்கிறது. இன்னும் வராத படிப்பு எப்படி ஒருவனைத் தடுத்திருக்கும்? நல்ல கேள்வி. அதிலிருந்து குணத்துக்குத் தாவியதுதான் நமக்கு ஆபத்து. காலனியை விட்டுப் போகும்போது சொல்லப்படுகிற அந்த வாக்கியத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக முத்திரை கிடைத்த இடம் இது. தாழ்ந்தவனுக்கு நாளை பற்றிய நினைப்பு கிடையாது என்பது நமக்குப் புதிய சரக்கா? கர்மம் என்று பேர் வைத்து விற்ற பழைய சரக்குதானே.

இந்த முத்திரை நிற்கவில்லை. வியட்நாம் யுத்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பிக்கவே காலேஜில் சேர்ந்த அமெரிக்க இளைஞர்களை டேமியன் டி வால்க் என்பவர் 2007இல் ஆராய்ந்தார். நாளையை நினைக்கிற குணத்தாலா சேர்ந்தார்கள், பயத்தால் சேர்ந்தார்கள். அவர்களும் பிற்பாடு குறைவாகவே புகைத்தார்கள். ஆக படிப்புக்கே ஒரு வேலை உண்டு. 2010இல் டேவிட் கட்லர், அட்ரியானா லெராஸ்-மியூனி இருவரும் அமெரிக்கா, இங்கிலாந்துத் தகவல்களை வைத்து, படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உடல்நலப் பழக்கங்களில் உள்ள இடைவெளியைக் கூறுபோட்டுப் பார்த்தார்கள். வருமானம், மருத்துவக் காப்பீடு, குடும்பப் பின்னணி இவை ஏறக்குறைய 30 சதவீதம். தெரிந்துவைத்திருப்பதும் அறிவுத்திறனும் இன்னொரு 30. சுற்றியிருக்கிற உறவும் நட்பும் 10. நாளையை மதிக்கிற குணம், தன்னடக்கம் என்று அளந்து பார்த்ததில் எதுவும் தேறவில்லை. பூஜ்யம். இதை நம் தோழர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை யாராவது குணம் என்று ஆரம்பித்தால் எடுத்துக்காட்டலாம்.

காசு, செய்தி, கூட்டம். இந்த மூன்றும் எங்கள் தெருவுக்கு எப்படி வந்தன, எப்படி வராமல் போயின என்பதுதான் எனக்கு வரலாறு.

செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நம்மை ஏமாற்றியது பச்சையாகத் தெரிகிறது. 1950க்கு முன்னால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ படித்தவர்கள் ஒன்றும் குறைவாகப் புகைக்கவில்லை. டாக்டரே சிகரெட் பிடிக்கிறார் என்று விளம்பரம் போட்ட காலம். 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1951இல் 34,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண் டாக்டர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைக்கிறவர்கள் அல்லது புகைத்தவர்கள். செய்தி முதலில் டாக்டருக்குப் போயிற்று, டாக்டர் முதலில் விட்டார். 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது, பேப்பர் படிக்கிறவர்கள் அடுத்து விட்டார்கள். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இடையில் புகையில் பள்ளம் விழுந்தது அதற்குப் பிறகுதான். படிப்பு மட்டும் காப்பாற்றும் என்றால் 1940லேயே காப்பாற்றியிருக்க வேண்டும்.

இங்கே என்ன நடந்தது? 1975இல் இந்திய நாடாளுமன்றம் சிகரெட் சட்டம் ஒன்று போட்டது. பாக்கெட்டில் உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சடிக்க வேண்டும். எந்தப் பாக்கெட்? சிகரெட் பாக்கெட் மட்டும். அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில். சுருட்டுக்கும் பீடிக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இந்தியாவில் அன்றைக்குச் சிகரெட்டைவிடப் பல மடங்கு பீடிதான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா மடியில் இருந்த கட்டில் முதலாளி படமும் கலர் காகிதமும்தான். 2003இல் வந்த புதிய சட்டத்தில்தான் பீடியும் சேர்ந்தது. படம் போட்ட எச்சரிக்கை 2009 மே 31இலிருந்து. கணக்குப் பண்ணிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை 1975இலேயே. எழுத்துத் தெரியாதவனுக்குப் படத்தில் எச்சரிக்கை 34 வருஷம் கழித்து. அந்த 34 வருஷத்தில் செத்தவர்களைப் பார்த்து "படிக்காத சனங்க" என்கிறோம்.

என் அப்பா அந்த 34 வருஷத்துக்குள் செத்தவர். காசநோய். 1990களின் நடுவில், ஐம்பது தாண்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "பையன் படிச்சிருக்கான், அப்பனுக்குச் சொல்லக் கூடாதா?" என்றார். மாத்திரையை ஒன்பது மாசம் விடாமல் சாப்பிடணும் என்பதைச் சொல்லவும் எழுதிக் கொடுக்கவும் அவருக்கு நேரம் இல்லை, இதற்கு நேரம் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தின் கிராமங்களிலும் சென்னையிலும் வெண்டலின் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்கள் செய்த ஆராய்ச்சி 2003இல் லான்செட் இதழில் வந்தது. செத்துப்போன 43,000 ஆண்களின் கணக்கையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களின் கணக்கையும் ஒப்பிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயில் சாவது புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நாலு மடங்கு. இந்தியாவில் காசநோயில் சாகிற ஆண்களில் பாதிப் பேர் சாவுக்குப் புகை காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். 2008இல் பிரபாத் ஜா குழுவினர் இந்தியா முழுவதுக்குமாகச் சொன்னது: பீடி குடிக்கிற ஆணுக்கு ஆயுளில் ஏறக்குறைய 6 வருஷம் போகிறது, பெண்ணுக்கு 8 வருஷம், சிகரெட் குடிக்கிற ஆணுக்கு 10 வருஷம். இந்த எண்களைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது டாக்டர் மேல் அல்ல. விழுப்புரத்தில் அந்த ஆராய்ச்சி நடந்தது, எங்கள் வயலிலிருந்து நடந்து போகிற தூரத்துக்கு அந்த மாவட்டத்து ஊர்கள். அதன் முடிவை லான்செட் வாங்குகிறவர்கள் படித்தார்கள், விழுப்புரத்துச் சேரி படித்ததா?

சாதி இந்தக் கணக்கில் தனியாகவே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1998-99 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்து எஸ்.வி. சுப்பிரமணியனும் மற்றவர்களும் 2004இல் எழுதிய கட்டுரையில், பள்ளிக்கூடமே போகாதவர்கள் புகையிலை தொட வாய்ப்பு, பட்ட மேற்படிப்புப் படித்தவர்களைவிட 2.69 மடங்கு என்று வருகிறது. வீட்டு வசதிக்கும் அப்படியே. படிப்பு, வசதி இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் தலித், பழங்குடி என்பது தன் பங்குக்கு ஒரு எடையை ஏற்றுகிறது. அந்த எடை என்ன என்று புள்ளிவிவரக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வரப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் படித்த பள்ளிகளில் ஒன்றில் ஒரு வாத்தியார் இருந்தார். இரண்டாம் பீரியட் முடிந்ததும் காலனிப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்புவார், சிகரெட் வாங்கிவர. என்னையும் அனுப்பியிருக்கிறார். நாங்கள் தொட்டு எடுத்துவந்த சிகரெட்டை அவர் உதட்டில் வைத்துக்கொள்வார். அதே அறை மூலையில் இருந்த தண்ணிப் பானையை நாங்கள் தொடக்கூடாது. தீட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. நெருப்புப் பட்டால் தீட்டுப் போய்விடும் போல. சிகரெட் என்பது கால்சட்டை போட்டவர்கள் குடிப்பது, பீடி நம்ம ஆட்கள் குடிப்பது என்பதைப் பள்ளிக்கூடம்தான் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கின சொல்தா வீடுகளில் சிகரெட் டின்னே இருக்கும். படித்து வேலைக்குப் போன எங்கள் தலைமுறையில் பலர் முதல் மாசச் சம்பளத்தில் பீடியை விட்டுச் சிகரெட்டுக்குப் போனார்கள். ஃபாரெலும் ஃபுக்ஸும் 17 வயதைக் கேட்டார்கள். எங்களில் பலருக்கு அது ஹாஸ்டலில் சேர்ந்த வயது.

அடுத்து காசு. படிப்பு குறைந்தால் புகை கூடும் என்று ஒரு பக்கத்தை மட்டுமே பேசுகிறார்கள். மறுபக்கம் ஒன்று உண்டு. ரிஜோ ஜான் என்கிற பொருளாதாரக்காரர் 2008இல் இந்தியக் குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்தார். புகையிலைக்குச் செலவு செய்கிற வீடுகளில் பாலுக்குக் குறைகிறது, படிப்புக்குக் குறைகிறது. அப்பாவின் பீடி மகனின் நோட்டுப் புத்தகத்தைத் தின்கிறது, மகன் படிக்காமல் போகிறான், அவன் கையில் பீடி. படி என்று பண்ணையில் கொடுத்துப் பழக்கியது ஒரு தலைமுறை கழித்துப் பள்ளிக்கூடச் செலவில் கை வைக்கிறது. எங்கள் வீட்டில் இது நடந்தது. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பரீட்சைக் கட்டணம் அம்மா முந்தானையிலிருந்து வந்தது, அப்பா மடியிலிருந்து வரவில்லை. அம்மா அன்றைக்கு அப்பாவைத் திட்டின திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. அதையும் எழுதாமல் விட்டால் அப்பாவைச் சாமியாக்கின மாதிரி ஆகிவிடும்.

பீடியைச் சுற்றுகிறவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கமும் குடியாத்தம் பக்கமும் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துப் பெண்கள் சுற்றினார்கள், சுற்றுகிறார்கள். 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம், 1976இல் நலநிதிச் சட்டம். அந்த நிதி எங்கிருந்து? பீடி மேல் போட்ட ஒரு சிறு தீர்வையிலிருந்து. அதில் ஆஸ்பத்திரி நடந்தது, பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள் தோழர்களே: பாகூர் வயலில் ஒருவன் இழுத்த புகையில் முக்கூடலில் ஒரு பெண் பிள்ளை எட்டாம் வகுப்புப் படித்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவன் நெஞ்சும் அவள் படிப்பும் ஒரே தராசில் ஏறும்படி செய்த ஏற்பாடு யாருடையது என்றுதான் கேட்க வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது.

வரி விஷயத்தில் உலக வங்கி 1999இலேயே ஒரு கணக்குச் சொன்னது: விலை 10 சதவீதம் ஏறினால் ஏழை, நடுத்தர நாடுகளில் புகையிலை நுகர்வு 8 சதவீதம் போல் குறையும், பணக்கார நாடுகளில் 4தான். உலக வங்கி சொல்வதையெல்லாம் நம்புகிறவன் நான் இல்லை, இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பீடிக்கு வரி போட்டால் தொழிலாளி வயிற்றில் அடிக்கிறார்கள் என்று எல்லாக் கட்சியும் பேசும். தொழிலாளியின் கூலியை ஏற்றச் சொன்னால் அதே கட்சிகளுக்கு வாய் அடைத்துவிடும். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடிக்கான வரியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. இது பிரெஞ்சுக் கும்பெனியின் பழைய கண் இல்லை என்று யாராவது நிரூபித்தால் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது கூட்டம். படிப்பு என்பதைத் தனி ஆள் வாங்கி மண்டையில் வைத்துக்கொள்கிற சரக்காகத்தான் மேலே சொன்ன பொருளாதாரம் முழுக்கப் பார்க்கிறது. நம் வரலாற்றில் படிப்பு அப்படி வந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தைப் பேசியபோது போதைப் பொருளை விலக்குவது பஞ்சசீலத்தில் ஒன்றாக வந்தது. அது தனி ஆளின் ஒழுக்கமாக வரவில்லை, இழந்த மரியாதையை ஒரு சமூகம் திரும்ப எடுத்துக்கொள்வதாக வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஒரு பொழுது பயணம். ஒழுக்கம் ஒழுக்கம் என்று அவர் வற்புறுத்தியதில் மேல்சாதிக்காரனைப் போல ஆகவேண்டும் என்கிற ஏக்கமும் கலந்திருந்தது என்று விமர்சிக்கிறவர்கள் உண்டு. நானும் ஓரளவு அந்தக் கட்சிதான்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நெல்லூர். 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துப் படிக்க இரவில் உட்கார்ந்த கூலிப் பெண்கள், தலித், பிற்பட்ட சாதிப் பெண்கள், பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் படித்தார்கள். தூபகுண்டா என்கிற ஊரில் பெண்கள் எழுந்து போய்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தியே அடுத்த பாடமாக அச்சாகி மற்ற ஊர்களுக்குப் போயிற்று. ஏலம் நின்றது. 1993 அக்டோபர் 1இலிருந்து ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை. முழு மதுவிலக்கு 1995இல் வந்து 1997இல் போய்விட்டது, அது அரசு கஜானாவின் கதை. எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறு. அந்தப் பெண்கள் எத்தனை வருஷம் படித்தார்கள்? சில மாசம். கிராஸ்மன் கணக்கில் அது படிப்பே இல்லை. சேர்ந்து படித்தார்கள், படித்ததைச் சேர்ந்து பேசினார்கள், அவ்வளவுதான்.

அதே காலத்தில் புதுச்சேரியிலும் அறிவொளி நடந்தது. பாகூர் கொம்யூனில் லாந்தர் வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் சொல்லிக் கொடுக்கவும் போயிருக்கிறேன். பஸ் போர்டு படிக்கவும் ரேஷன் கார்டு படிக்கவும் கற்றார்கள். கூலிக் கணக்கைத் தாங்களே எழுதிவைக்க ஆரம்பித்ததும் சில வரப்புகளில் முகம் சுளித்தது. பீடிக்கும் பொகையிலைக்கும் ஒரு பாடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. வெற்றிலையை மென்றுகொண்டேதான் அவர்கள் எழுதினார்கள்.

இப்போது எங்கள் காலனியில் பன்னிரண்டாவது தாண்டாத பையன் அபூர்வம். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.ஏ. எல்லாம் உண்டு. பாதிப் பேர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நடுவில் இரண்டு முறை பத்துப் பத்து நிமிஷம் வெளியே விடுவார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அந்தப் பத்து நிமிஷம் சிகரெட்டாக எரிகிறது. சும்மா நின்றால் சூப்பர்வைசர் கேட்பான், சிகரெட்டோடு நின்றால் பிரேக் என்று விடுவான் என்று என் அக்கா பேரன் சொன்னான். அவன் டிப்ளமோ படித்தவன். ஆயா செத்து முப்பது வருஷமாகிறது. அவன் ஆயாவைப் பார்த்ததே இல்லை.

போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். படிவத்தில் படிப்பு என்று ஒரு கட்டம், பழக்கம் என்று ஒரு கட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன முடிவு வரும் என்று படிவத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் தெருவில் கல்லூரி போகிற நாலு பெண்பிள்ளைகள் அந்தப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தாங்களே கோடு போட்டு வேறு கட்டங்கள் சேர்த்திருக்கிறார்கள்: நிலம் யாருடையது, ஒரு நாளில் எத்தனை மணி வேலை, உட்கார எவ்வளவு நேரம் விடுவார்கள், முதல் பீடியை யார் கொடுத்தது, எத்தனை வயதில், பீடியால் நெஞ்சு கெடும் என்று முதன்முதலில் எந்த வருஷம், யார் வாயால் கேட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் பள்ளிக்கூடம் என்று சொன்னவர்கள் குறைவு, ஆஸ்பத்திரி என்றவர்கள் அதிகம், அதாவது நோய் வந்த பிறகு. மேலத்தெருவிலும் இதே படிவத்தோடு போகலாமா என்று அவர்களுக்குள் பேச்சு நடக்கிறது. காலனியில் பாதி வீடு முடிந்திருக்கிறது. மீதியை அறுவடைக்குப் பிறகு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது பகலில் வீட்டில் ஆள் இல்லை.